ஆளுக்கு ஒரு நிமிடம்

மூன்றாம் நாள் ஹெலிகாப்டர் இறக்கிய பெட்டியில்
செங்கல் கனத்தில் ஒரு தொலைபேசி இருந்தது.
கையெழுத்து தெளிவாக இருக்குமென்று
கடையில் கணக்கெழுதிய என்னிடம் தந்தார்கள்.

கடை இல்லை.
இடுப்பில் செருகிக்கொண்டு ஓடியதால்
நோட்டு பிழைத்தது.
முதல் பக்கத்திலிருந்து கடன்காரர்கள்:
மீன் டின், மண்ணெண்ணெய், சீருடைத் துணி.
கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதினேன்
பேச வந்தவர்களை.
பெயர், எண், தொடங்கிய நேரம்.
ஆளுக்கு ஒரு நிமிடம்.

முழுதாய்த் திறந்த வானம் வேண்டுமாம் அதற்கு.
தென்னைகள் சாய்ந்தபின் தீவெல்லாம் திறப்புதான்,
ஆனாலும் கல்லறை மேட்டில் மட்டுமே
நான்கு கோடும் நின்றன.
அங்கேயே வரிசை.
புதுக்குழி தோண்டுகிறவர்கள்
பேசுகிறவர்களுக்குக் கேட்கவேண்டுமென்று
மண்வெட்டியை நிறுத்தி நிறுத்தித் தோண்டினார்கள்.

வைசினியா ஆக்லாந்து மகளிடம்
"இருக்கிறோம்" என்றாள்.
அதற்கு இரண்டு நொடி.
மிச்சமெல்லாம் சலவை இயந்திரம்:
அது ஈரப்பலா மரத்தின் கவட்டில் உட்கார்ந்திருக்கிறது,
தவணையைத் தொடர்ந்து கட்டவேண்டுமா கூடாதா,
நீயே கடைக்காரனைக் கேள்.
நிமிடம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான்
அழுதாள், மரத்தைப் பார்த்து.

பாதிரியார் ஜெபம் தொடங்கினார்.
ஆமென் வருமுன் நான் அணைக்கவேண்டியிருந்தது.

ஃபிலிமோனேக்கு வயது ஒன்பது.
அத்தை எண் மனப்பாடம் என்றான்.
ஓர் இலக்கம் கடலோடு போயிருக்கவேண்டும்,
எடுத்தது பிரிஸ்பேனில் யாரோ ஒருத்தி.
அவன் நிறுத்தவில்லை.
பள்ளிக்கூட ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னான்:
கடல் பின்வாங்கியது,
மணலில் மீன்கள் துள்ளியது,
அண்ணன் பொறுக்கப் போனது,
எங்கள் பன்றி மட்டும் மேடேறியது.
அவளும் வைக்கவில்லை.
ஒன்றரை நிமிடம் ஆனது.
நோட்டில் ஒன்று என்றே இருக்கிறது.

கெலெபி இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று
என்னருகே வந்ததும்
எண் எதுவும் இல்லை என்றார்.
"அழைக்க எனக்கு ஆளில்லை.
என் நிமிடத்துக்குப் பதில் ஒரு தார்ப்பாய் கொடு."
வீட்டுக்கு ஒன்றுதான் என்றேன்.
நேற்றே வாங்கிவிட்டீர்களே?
"அதில்தான் அவளைச் சுற்றி வைத்திருக்கிறேன்."

பிறகு தன் இடுப்பைக் காட்டினார்.
இறந்தவர் முன்னால் இடுப்பில் பாய் கட்டாமல் நிற்பது
டோங்காவில் அம்மணமாய் நிற்பது.
கல்யாணத்துக்கு வந்த பாய்,
பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு வந்தது,
எல்லாம் ஒரே சுருளாய்க் கடலுக்குப் போயிருந்தன.
"தார்ப்பாயும் பாய்தானே" என்றார்.

படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம்.
'ஒழுகுகிறது' என்று எழுதினேன்
கூரையே இல்லாதவருக்கு.

நோட்டு திறந்துகிடந்த பக்கத்தில்
அவர் பெயரில் பதினான்கு பாங்கா பாக்கி.
அவரும் பார்த்தார்.
நான் பக்கத்தைத் திருப்பினேன்.

இரவு டார்ச் வெளிச்சத்தில் ஒப்பிட்டேன்:
முன்பக்கம் இருந்து
பின்பக்கம் வராத பெயர்கள் பதினொன்று.
எதையும் அடிக்கவில்லை.

மறுநாள் அவர் நீலம் கட்டி நின்றார்.
அசைந்தபோதெல்லாம் சரசரத்தது,
காற்று அதை முழங்காலில் அறைந்தது.
அனுப்பிய நாட்டின் முத்திரை
தலைகீழாய் அவர் இடது தொடையில்.

மண் விழத் தொடங்கியதும்
என் தோள்பையில் தொலைபேசி அடித்தது.
அது அடிக்கவும் செய்யும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிரிஸ்பேன்.
அந்தப் பையன் இருக்கிறானா,
பன்றிக்குத் தின்ன ஏதாவது கிடைத்ததா.

கெலெபி கை நீட்டினார்.
கொடுத்தேன்.
"பன்றி நன்றாயிருக்கிறது" என்றார்.
பிறகு உப்பேறிய கிழங்கை முகர்ந்து முகர்ந்து
அது எப்படி முகம் சுளிக்கிறது என்று
நிதானமாகச் சொல்லத் தொடங்கினார்.